நூலக மேசையிலிருந்து சாட் பெட்டிக்கு: செட்டிநாட்டு நூலகங்களில் பணியாளரைப் பழக்குவது எப்படி

ஒருவர் நூலகத்துக்குள் வந்து "செட்டிநாட்டு வீடு பத்தி புக் இருக்கா?" என்று கேட்கிறார். மேசையில் இருப்பவர் தலையைத் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். கையில் வரைதாள் சுருள் இருந்தால் ஆர்க்கிடெக்சர் மாணவர். கேமராப் பை தொங்கினால் படம் தேடி வந்தவர். இதே கேள்வி சாட்டில் வரும்போது சுருளும் தெரியாது, பையும் தெரியாது. ஐந்து சொல் மட்டும் திரையில் இருக்கும்.

சாட் பயிற்சி என்றதும் பல இடங்களில் டைப்பிங்கில் தொடங்கி டைப்பிங்கிலேயே முடித்துவிடுகிறார்கள். பதினைந்து நாள் பயிற்சியில் டைப்பிங்குக்கு மூன்று நாள் போதும். மீதி நாட்கள், எழுத்திலேயே திருப்பிக் கேட்பதற்கும் எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்வதற்கும் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்துக் கல்லூரி நூலகம், கிளை நூலகம், அறக்கட்டளை நூலகம் எதுவானாலும், இரண்டு மூன்று பேர் இருந்தால், சாட்டில் வாசகர் கேள்விக்குப் பதில் சொல்லும் இந்தச் சேவையைத் தொடங்கிவிடலாம்.

முதல் வேலை: எண்ணும் நேரமும்

நூலகத்துக்கென்று தனி சிம் வாங்குங்கள். பணியாளரின் சொந்த எண்ணில் தொடங்கினால் அவர் மாறுதலாகிப் போகும்போது சேவையும் கூடவே போய்விடும். இரவு பதினொரு மணிக்கும் கேள்வி வரும். பெண் பணியாளர்களுக்கு அதனால் வரும் தொல்லை தனி. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தொடங்குவதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதும், கட்டணம் இல்லை. ஒரு போனோடு நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால் மேசைக் கணினியிலேயே தட்டலாம். ஆனால் அந்தப் போனைப் பதினான்கு நாளுக்கு மேல் இணையம் இல்லாமல் போட்டு வைத்தால் இணைத்த கருவிகள் தாமாக வெளியேறிவிடும். விடுமுறை முடிந்து திறந்த அன்று "கம்ப்யூட்டர்ல வரல" என்று பதறினால் பெரும்பாலும் இதுதான் காரணம். தானாகப் போகும் வரவேற்புச் செய்திக்கும் பதினான்கு நாள் கணக்கு உண்டு: முதல் முறை எழுதுபவருக்கும், பதினான்கு நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும்தான் அது போகும். எனவே நேற்று பேசியவருக்கு இன்று பணியாளரே வணக்கம் சொல்ல வேண்டும்.

நேரத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். மாலை 5 முதல் 7 வரை நல்ல நேரம். கல்லூரி விட்டிருக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் அங்கே இரவு ஏழரை, சாப்பாட்டு வேளைக்குப் பிந்திய ஓய்வு. பூர்வீகம் தேடும் கேள்விகள் அங்கிருந்து வருவதுண்டு. நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பதில் சொல்லாமல் விடுவதைவிட இரண்டு மணி நேரம் ஒழுங்காக இருப்பது மேல். பழகும் ஆள் ஒரு நேரத்தில் ஒரே உரையாடல், பழகியபின் இரண்டு. புத்தகம் வாங்கிக் கொடுக்கும் கவுன்டரையும் சாட்டையும் ஒரே ஆளிடம் தர வேண்டாம். எதிரே நிற்பவரைத்தான் கண் பார்க்கும். சாட்டில் இருப்பவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்ததும், முந்தின நாளே விலகல் செய்தியை (நாம் இல்லாதபோது தானாகப் போகும் பதிலை) மாற்றி வையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்பப் பதில் கிடைக்கும் என்பது அதில் இருக்கட்டும்.

எழுத்து: மூன்று நாள்

அரசு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து உள்ள நூலகங்களில் பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில் கிடக்கும். அதிலிருந்து நூற்பட்டியலை நகலெடுத்துச் சாட்டில் ஒட்டினால் வாசகருக்குத் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் வரும். நம் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் கோப்பில் சரியாகத் தெரியும். ஒட்டும் அவசரத்தில் யாரும் சாட் பெட்டியைப் பார்ப்பதில்லை. முதல் நாளிலேயே பணியாளரை இப்படி ஒருமுறை தன் சொந்தப் போனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை கண்டால் மறக்காது. பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு எல்லாவற்றையும், எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றி வையுங்கள்.

தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை பழகுவது நல்லது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி விழும்: அ, ம, ம, ஆ என்று தட்டினால் "அம்மா". தினமும் இருபது நிமிடம் தட்டினால் இரண்டு வாரத்தில் கை பழகும். ஏற்கெனவே ஆங்கில உச்சரிப்பு முறையில் வேகமாகத் தட்டுபவரை மாற்றச் சொல்லிப் படுத்த வேண்டாம்.

வாசகர்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அதிகம் தட்டுவார்கள். அதைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். பள்ளியும் பல்லியும் அதில் ஒன்றுபோலவே வரும். "kottan pathi vivaram venum" என்று ஒருவர் கேட்டால் அவர் கேட்பது பனையோலையில் முடையும் செட்டிநாட்டுக் கொட்டானா, ஆந்தை இனத்துக் கோட்டானா என்பது அந்த எழுத்தில் தெரியாது. நம் ஊரில் கூடைதான் என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். எழுதியவர் விலங்கியல் மாணவராகவும் இருக்கலாம். "ஓலைக் கொட்டான்தானே?" என்று ஒரு வரி கேட்டுவிட்டுத் தேடப் போகலாம்.

பதிலைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். ஆனால் மலேசியாவில் மூன்றாம் தலைமுறையாக இருப்பவர் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. சந்தேகம் வந்தால் அவர் எழுதிய எழுத்திலேயே "தமிழில் எழுதினால் படிக்க வசதியா இருக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விளிக்கும் முறையும் இங்கேயே. நம் பக்கத்து நாக்கில் "அண்ணே" தானாக வந்துவிடும், எழுத்திலும் வரும். எதிர்ப்பக்கம் எழுபது வயது ஆச்சி இருக்கலாம். "வணக்கம், சொல்லுங்க" என்பது எல்லோருக்கும் பொருந்தும். அவர்களாகப் பெயரோ உறவோ சொன்ன பிறகு அதன்படி போகலாம்.

திருப்பிக் கேட்பது

பயிற்சியில் ஒரு வாரம் இதற்கே போகட்டும். ஒருவர் வாசகராகவும் ஒருவர் நூலகராகவும் எதிரெதிர் அறையில் உட்கார்ந்து போனில் எழுத வேண்டும். ஒரே மேசையில் உட்கார்ந்தால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள்.

வீடு பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பழகாதவர் எழுதுவது: "இருக்கு. 6 புக் இருக்கு. நேர்ல வந்து பாருங்க." இதில் தவறு ஒன்றும் இல்லை, பயனும் இல்லை. பழகியவர் கையில் இது இப்படிப் போகும்:

"செட்டிநாடு வீடு பத்தி புக் இருக்கா"
"வணக்கம். இருக்கிறது. வீடு கட்டிய முறையா, வீட்டுக்காரர்களின் வரலாறா, படங்களா – எது வேணும்னு சொன்னா அதையே எடுக்கிறேன்."
"பிளான் வேணும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் அளவோட"
"சரி. எப்போதைக்குள் வேணும்? இதுவரை எதைப் பார்த்தீங்க?"
"நாளைக்கு ரிவியூ. நெட்ல போட்டோதான் வருது"

இப்போது பதிலே மாறிவிட்டது. அலமாரியில் ஆறு புத்தகம் இருந்து என்ன, அவர் சென்னையில் இருக்கிறார், நாளைக் காலை வேண்டும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலின் விவரப் பக்கம் யுனெஸ்கோ தளத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. வரைபடம், அளவு என்றால் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஏறும் சோத்கங்காவில் தேட வேண்டும். இரண்டுக்கும் இணைப்பு கொடுத்து, ஆய்வேட்டில் எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொன்னால் அவர் வேலை முடிந்தது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதியது, வாட்ஸ்அப்புக்கும் பொருந்துகிறது.

கேட்க வேண்டியவை நான்குதான்: விஷயத்தில் எந்தப் பகுதி, எப்போதைக்குள், ஏற்கெனவே எதைப் பார்த்தார், எந்த வடிவில் வேண்டும். நான்கையும் ஒரே செய்தியில் கொட்டினால் விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும். ஒரு செய்திக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இன்னொன்று: நேரில் "எதுக்கு?" என்று சிரித்தபடி கேட்டால் ஒன்றுமில்லை, எழுத்தில் அது போலீஸ் விசாரணை. "எதுக்குப் பயன்படுத்தப் போறீங்கன்னு சொன்னா சரியானதைத் தரலாம்" என்று காரணத்தோடு கேட்கச் சொல்லிக் கொடுங்கள். தனியாக "இல்லை" என்று அனுப்புவதும் அப்படித்தான், கதவைச் சாத்துவது போல. "எங்களிடம் இல்லை, ஆனால் இன்ன இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்பதற்கு ஐந்து விநாடி கூட ஆகும், அவ்வளவுதான்.

மௌனமும் இந்தக் கணக்கில்தான் சேரும். நேரில் நூலகர் அலமாரிக்கு நடப்பது கண்ணுக்குத் தெரியும். சாட்டில் நாம் அடுக்குக்குப் போய் வரும் நான்கு நிமிடம் வாசகருக்கு வெறும் வெற்றுத் திரை. முதல் பதில் ஒரு நிமிடத்துக்குள். எழுந்து போவதானால் "அலமாரியில் பார்த்துட்டு வர்றேன், 5 நிமிஷம்". அதற்குள் கிடைக்காவிட்டாலும் திரும்பி வந்து ஒரு வரி. பத்து நிமிடம் தாண்டும் என்று தெரிந்தால் காக்க வைக்காதீர்கள். எத்தனை மணிக்குள் அனுப்புவோம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். சொன்ன மணிக்கு, கிடைத்ததோ இல்லையோ, ஒரு செய்தி போயாக வேண்டும்.

எங்கே தேடுவது

செட்டிநாட்டுக் கேள்விகளில் தேடல் தோற்பதற்குப் பெரிய காரணம் பெயர். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் பெயர்களில் முன்னெழுத்து ஓரெழுத்தோடு நிற்காது: ராம., சித., பழ., வீர., சுப. ஆங்கிலத்தில் அவையே ஆர்எம், சிடி, பிஎல், விஆர், எஸ்பி என்று வரும். இது தெரியாத ஒருவர் நூற்பட்டியில் பதியும்போது "சுப." என்பதைச் "சு." ஆக்கிவிட்டால் அந்த நூல் தேடலில் காணாமல் போகும். மேலைச்சிவபுரியில் பிறந்த தமிழறிஞர் வ.சுப. மாணிக்கத்தைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வ.சுப., வ. சுப. என்று இடைவெளியோடு, வ.சு., மாணிக்கம், மாணிக்கனார், ஆங்கில எழுத்தில் ஒன்று. இத்தனை விதமாகத் தேடினால்தான் அவர் நூல்கள் முழுவதும் கைக்கு வரும். பணியாளர் ஒவ்வொருவரும் தங்கள் நூலகத்துக் கேட்டலாக்கில் இதைச் செய்து, எந்த வடிவத்துக்கு எத்தனை நூல் வந்தது என்று எழுதிக்கொடுக்கட்டும். கேட்டலாக்கின் ஓட்டைகளும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது ஊரும் ஆண்டும். "தாத்தா ஊர் ராயவரம், பழைய ரெக்கார்ட் எங்கே கிடைக்கும்?" என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கேட்பார். சிவகங்கை மாவட்ட ஆவணம் என்று சொன்னால் தவறு. ராயவரம், அரிமளம், ராமச்சந்திரபுரம் எல்லாம் புதுக்கோட்டைச் சீமை. அது 1948 வரை தனிச் சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது, 1974-இல்தான் தனி மாவட்டம் ஆனது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். ஆகவே கேள்வியில் உள்ள ஊருக்கு அந்த ஆண்டில் எது மாவட்டம் என்று பார்த்துவிட்டுத்தான் தேடத் தொடங்க வேண்டும். இந்த ஆண்டுகளை ஒரு அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

கைவசம் எப்போதும் திறந்திருக்க வேண்டிய தளங்கள் அதிகம் இல்லை. பழைய அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலக்கிய மூலபாடத்துக்கு மதுரைத் திட்டம். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. அரிய நூல், பழைய நோட்டீஸ், இதழ் என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல். கோட்டையூரில் ஒருவர் சேர்த்து வைத்ததிலிருந்து பிறந்த நூலகம் அது, 1994 முதல் சென்னையில் இயங்குகிறது. நம் ஊர்ப் பொருளைத் தேடச் சென்னைக்கு எழுத வேண்டியிருக்கிறதே என்று சிலர் அங்கலாய்ப்பார்கள். இங்கே கறையானுக்குப் போன வீட்டு நூலகங்களை நினைத்தால் அந்த அங்கலாய்ப்பு அடங்கிவிடும். புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஐ கருவியிடம் கேட்டுப் பதில் தருவதைப் பற்றி ஒரே ஒரு விதி: கேட்டலாக்கிலோ நூலிலோ கண்ணால் பார்க்காத எந்தத் தலைப்பையும் வாசகருக்கு அனுப்பக் கூடாது. இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் சேர்த்து அது அழகாகச் சொல்லும். தமிழ் நூல்களில் இது இன்னும் மோசம்.

பதிலை எழுதும் விதம்

போன் திரையில் மூன்று வரிக்கு மேல் போகாத துண்டுகளாக எழுதுங்கள். முதலில் பதில், பிறகு ஆதாரம், பிறகு "இது போதுமா?" என்ற கேள்வி. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு எப்போது கிடைத்தது என்று கேட்டால் "2019" என்பது முதல் செய்தி. சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் தளத்தில் அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. வெறும் இணைப்பை மட்டும் அனுப்புவது பதில் ஆகாது. திறந்தால் என்ன தெரியும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி அதற்கு மேலே இருக்க வேண்டும்.

பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவதானால் பக்க எண் படத்துக்குள் வரட்டும், தலைப்புப் பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் மாணவர் அடிக்குறிப்பு போட முடியாமல் மறுநாள் திரும்ப வருவார். பழுப்பேறிய பழைய இதழை விரித்து அமுக்கிப் படமெடுக்க வேண்டாம், முதுகு ஒடிந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில், பாதி திறந்தபடி எடுத்தால் போதும்.

முழுப் புத்தகத்தை அனுப்பச் சொல்லும் கேள்வி தினமும் வரும், அதுவும் குரூப் 4 அறிவிப்பு வந்த வாரத்தில். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு வரை உரிமை உண்டு. சொந்தப் படிப்புக்குச் சில பக்கம் கொடுப்பது வேறு, வழிகாட்டி நூலை முழுதாக ஸ்கேன் செய்து அனுப்புவது வேறு. "அந்த நூல் இங்கே அலமாரியில் இருக்கு, வந்து படிக்கலாம். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், இணைப்பு அனுப்பட்டுமா?" என்று மாற்று வழியோடு மறுக்கப் பழக்குங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "இன்ன விலாசத்துக்காரங்க இப்ப எங்க இருக்காங்க, எந்தக் கோவில், பெண் இருக்கா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்கள் எவை என்று கேட்டால் நூலைப் பார்த்துச் சொல்லலாம். உயிரோடு இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி நமக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. சின்ன ஊரில் இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான், மறுத்தால் "என்ன, எங்களைத் தெரியாதா?" என்பார்கள். பணியாளரின் சங்கடத்தைக் குறைக்க, மறுப்பு வாசகத்தை நூலகமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருந்து, வழக்கு பற்றிய கேள்விகளுக்கு நூலையும் பக்கத்தையும் மட்டும் காட்டலாம், ஆலோசனை வேண்டாம். ஆபாசமாக எழுதினால் ஒரு எச்சரிக்கை, அடுத்தது பிளாக், பிறகு பொறுப்பாளருக்குத் தகவல்.

நிஜ வாசகர், அதன்பின்

பதினோராம் நாளிலிருந்து நிஜக் கேள்விகள். முதல் இரண்டு நாள் பழகியவர் தட்ட, புதியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த மூன்று நாள் இடம் மாறட்டும். பக்கத்தில் இருப்பவர் கீபோர்டைத் தொடக் கூடாது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி நீட்டலாம்.

வாட்ஸ்அப்பில் லேபிள்கள் இருபது வரை வைக்கலாம், நான்கு போதும்: தேடுகிறோம், அலமாரி பார்க்கணும், வேறு நூலகம், முடிந்தது. "முடிந்தது" போடாத உரையாடலோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. போவதானால் அடுத்த ஆளுக்கு நோட்டில் ஒரு வரி. அந்த நோட்டில் தேதி, கேட்ட கேள்வி, உண்மையில் தேவைப்பட்டது, பார்த்த ஆதாரம், ஆன நிமிடம் என்று ஐந்து கட்டம். இரண்டாவதும் மூன்றாவதும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் அந்தப் பணியாளர் திருப்பிக் கேட்கவில்லை என்று பொருள்.

வாரம் ஒருமுறை பத்து உரையாடல்களை, பெயரும் எண்ணும் அழித்து, எல்லோரும் சேர்ந்து படியுங்கள். யார் எழுதியது என்று சொல்ல வேண்டாம். மூத்த நூலகர் எழுதியதும் அதில் இருக்கட்டும்.

அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்கள் ஐம்பது வரை சேமிக்கலாம். தொடக்கத்தில் பத்துக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கேள்வியைப் படிக்காமலேயே ஒன்றைத் தட்டிவிடும் பழக்கம் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கீழே சரிபார்த்த தேதியை நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. பழைய விரைவுப் பதிலில் "நகராட்சி" என்று இருந்தால், யாராவது தேர்வுக்குப் படிப்பவர் அதையே எழுதிவிட்டு வருவார்.